அஞ்சு, நாலை விடப் பெரிசா? - ஒரு கியர் ஆயில் வரலாறு

எங்க வீட்டுல ஒரு பழைய கார் இருக்கு. அப்பா 1998-ல வாங்கினது. போன தடவை ஊருக்குப் போனப்போ, "கியர் ஆயில் நானே மாத்துறேன்"னு வீராப்பா கிளம்பினேன். வண்டியோட கையேட்டுல ஜிஎல்-4னு போட்டிருந்துச்சு. கடையில இருந்தது ஜிஎல்-5. அஞ்சுன்னா நாலோட அடுத்த வெர்ஷன், பழசு செய்யுற வேலையைப் புதுசும் செய்யும்தானே? நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி ஆணி புடுங்குறவன் மூளை அப்படித்தான் யோசிக்கும். வாங்கி ஊத்தியாச்சு.

மறுநாள் அப்பா வண்டியை எடுத்தார். ரெண்டாவது கியர் போடும்போது 'கர்ர்ர்'னு ஒரு சத்தம். திரும்பி என்னைப் பார்த்தார், ஒண்ணும் சொல்லலை. திட்டியிருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி உக்காந்து தேடிப் படிச்சதுதான் இந்தப் பதிவு.

கொசுவத்தியை 1926-க்குச் சுத்துவோம். அந்த வருஷம் அமெரிக்காவின் பேக்கார்டு கம்பெனி, க்ளீசன் உருவாக்கின ஹைப்பாய்டு கியரைத் தன் கார்களின் பின் அச்சுல போட்டது. இதுல சின்னப் பல்சக்கரம், பெரிய சக்கரத்தோட மையத்துக்குக் கொஞ்சம் கீழே தள்ளி உக்காந்திருக்கும். அதனால ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் தாழ்ந்தது, காரின் தளமும் தாழ்ந்தது. ஆனா ஒரு சிக்கல். பற்கள் உருள்றதோட நிக்காம, ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கி உரசும். அந்த அழுத்தத்துல சாதா எண்ணெய்ப் படலம் கிழிஞ்சு போயிடும்.

மருந்து ரசாயனத்துல இருந்து வந்தது. முதல்ல கந்தகமும் ஈயச் சோப்பும், அப்புறம் கந்தகமும் பாஸ்பரஸும். சூடும் அழுத்தமும் ஏறும்போது இவை எஃகோட சேர்ந்து ஒரு மெல்லிய படலமா மாறும். தேயுறது அந்தப் படலம், தப்பிக்கிறது பல். கந்தகம் கலந்த திமிங்கல எண்ணெய்கூட இந்த வேலைக்கு ரொம்ப நாள் பயன்பட்டது. 1970-ல அமெரிக்கா அந்தத் திமிங்கலத்தை அழியும் உயிரினப் பட்டியல்ல சேர்த்த பிறகுதான் மாற்று தேட வேண்டி வந்தது.

இந்தப் பக்கம் கியர்பாக்ஸ் கதையே வேற. 1928-ல கெடிலாக் சிங்க்ரோமெஷ்ஷைக் கொண்டு வந்தது. அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை கிளட்ச் மிதிச்சு, சத்தம் வராம கியர் மாத்துறதே ஒரு வித்தை. சிங்க்ரோமெஷ்ல ஒரு பித்தளை வளையம் கியரோட கூம்பைக் கவ்விப் பிடிச்சு, ரெண்டு வேகத்தையும் சமமாக்கும். கவனிங்க, அதுக்கு உராய்வு *வேணும்*. பின் அச்சுக்கு வழுக்கல் வேணும், இங்கே பிடிப்பு வேணும்!

அதனாலதான் 1962-ல வந்த பிரிட்டிஷ் எம்ஜிபி காருக்குப் பின் அச்சுல ஹைப்பாய்டு ஆயில், கியர்பாக்ஸுல இன்ஜின் ஆயில்னு கையேட்டுலயே எழுதியிருந்தாங்க. ஹோண்டாவும் பல வருஷம் தன் மேனுவல் கியர்பாக்ஸுகளுக்கு இன்ஜின் ஆயில்தான் சொன்னது. 1985 முஸ்டாங்கோட கியர்பாக்ஸுக்கு ஆட்டோமேட்டிக் வண்டியோட எண்ணெய்!

இப்போ ஜிஎல் கணக்குக்கு வருவோம். அமெரிக்க ராணுவத்தின் 1950 தரத்தை ஒட்டினது ஜிஎல்-4. 1962-ல வந்த கடுமையான தரத்தை ஒட்டினது ஜிஎல்-5. ஹைப்பாய்டுக்காக அதுல சேர்மானம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஆக, அந்த எண் வெர்ஷன் இல்லைங்க, பல் தாங்க வேண்டிய சுமையோட அளவு. வெர்ஷன்னா ஜிஎல்-6தான் இன்னிக்கு ராஜாவா இருக்கணும். அது எப்பவோ வழக்கொழிஞ்சு போச்சு.

அதிக சேர்மானத்தால பழைய கியர்பாக்ஸுக்கு ரெண்டு தொல்லை. ஒண்ணு, சூட்டுல துடிப்பான கந்தகம் பித்தளையை அரிக்கும். இப்போ வர்ற பல ஜிஎல்-5 எண்ணெய்கள்ல இதுக்குத் தடுப்பு சேர்க்கிறாங்க. ரெண்டாவதுதான் என் கதை: எண்ணெய் அதிகமா வழுக்கினா வளையத்துக்குப் பிடிப்பு கிடைக்காது, வேகம் சமமாகுறதுக்குள்ள பல்லு மோதும். 'கர்ர்ர்'.

பாட்டில்ல இருக்குற 80டபிள்யூ-90ஐப் பார்த்தும் மிரள வேணாம். கியர் ஆயிலுக்கு அளவுகோலே தனி. அந்த 90, இன்ஜின் ஆயில் 40, 50 அளவுக்குத்தான் தடிமன்.

மறுநாள் காலைல ஊத்தினதை வடிச்சுட்டு, நாலு கடை ஏறி இறங்கி ஜிஎல்-4 வாங்கி ஊத்தினேன். சாயந்திரம் அப்பா தெருமுனை வரைக்கும் ஓட்டிட்டு வந்தார். "இப்போ சரியா விழுதுடா." அவ்ளோதான். எனக்கு அது போதும்.

டிஸ்கி: உங்க வண்டியில பின் அச்சுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே எண்ணெயா, வேற வேறயான்னு முதல்ல கையேட்டைப் பாருங்க. முன்சக்கர வண்டியிலயே சிலதுல கியர்பாக்ஸுக்குள்ள ஹைப்பாய்டு உண்டு, அதுக்கு ஜிஎல்-5தான் கேப்பாங்க. என்னை மாதிரி எண்ணைப் பார்த்து ஏமாறாதீங்க மக்களே!