கில்லேதார்

கோட்டைத் தலைவரைக் குறிக்கும் சொல். அரபியில் கோட்டை என்று பொருள்படும் சொல்லும் ‘உடையவர்’ எனும் பாரசீக விகுதியும் சேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் வழியே ஆங்கிலத்தில் ஏறியது. இன்று அங்கே அருகிவிட்டது.

செஞ்சிக் கோட்டைக்கு இது வெறும் அகராதிச் சொல் அன்று. நெடிய முற்றுகைக்குப் பின் 1698இல் முகலாயர் இக்கோட்டையை மராட்டியரிடமிருந்து கைப்பற்றினர். பின்னர் புந்தேலா ராஜபுத்திரரான சுவரூப்சிங் கில்லேதாராக அமர்த்தப்பட்டார். 1714இல் அவர் இறந்ததும் மகன் தேஜ்சிங் கோட்டைப் பொறுப்பை ஏற்றார். அதை ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் ஏற்கவில்லை. நிலுவைப் பணத்தையும் கேட்டார். பூசல் போரானது, தேஜ்சிங் களத்தில் மாண்டார். தேசிங்குராஜன் கதைப்பாடல் அவரை அரசராகவே போற்றுகிறது. பதவியின் பெயர் மறைந்து ‘ராஜா’ நிலைத்ததற்கு அந்தப் பாடலே பெருங்காரணம் எனலாம்.

பதவியின் கனத்தைச் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறினால் உணரலாம். உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை பிளந்து ஆழப் பள்ளம் விழுந்திருக்கிறது. அதன் மேல் சிறு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் சிலரே நின்று ஒரு படையை மறிக்கலாம்.

ஆங்கிலத்தில் இச்சொல் பெரிதும் வரலாற்று நூல்களிலும் படைக் கடிதங்களிலும் புழங்கியது. ராபர்ட் ஓர்ம் கர்நாடகப் போர்களை எழுதுகையில் இதை ஆள்கிறார். ஆங்கிலேயர் இதை ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் எழுதினர். யூல், பர்னெல் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ (1886) அகராதியிலும் இதற்குப் பதிவு உண்டு.