திட்டக் கைவிடல்: கீரப்பாளையம் வட்டாரம்

அரசுத் திட்டம் ஒன்று நடவாமல் போவதைக் குறிக்க நிர்வாகத் தமிழில் கைவிடல், நிறுத்திவைப்பு, ரத்து, நீக்கம் எனப் பல சொற்கள் உண்டு. நிலம் வைத்திருப்பவருக்கு இவை ஒன்றல்ல. சிதம்பரத்தை அடுத்த கீரப்பாளையம் வட்டாரத்தின் அண்மை வரலாறு அந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது.

வீராணம் ஏரி நீரைச் சென்னைக்குக் கொண்டுசெல்லும் முதல் திட்டம் 1970களில் பாதியில் கைவிடப்பட்டது. அதன் ஒப்பந்தத்தைச் சர்க்காரியா ஆணையம் விசாரித்தது. ஆள் நுழையும் அகலமுள்ள கான்கிரீட் குழாய்கள் பல ஆண்டுகள் சாலையோரம் கிடந்தன. வீடற்ற குடும்பங்கள் அவற்றுக்குள் குடியிருந்தன. கைவிட்டதை அரசு மறுபடியும் கையில் எடுத்தது. 2004-இல் புதிய வீராணம் திட்டம் முடிந்து, சேத்தியாத்தோப்பு வழியாகச் சுமார் 235 கி.மீ. தூரம் நீர் போகத் தொடங்கியது.

ரத்து என்பது அரபு வேர்கொண்ட கச்சேரிச் சொல். எழுத்தில் ஆணை வந்தால்தான் அதற்கு உயிர். கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் 45 கிராமங்களில் பெட்ரோகெமிக்கல் முதலீட்டு மண்டலம் அமைக்க 2017-இல் வெளியான அறிவிக்கை, 2020 பிப்ரவரியில் ரத்தானது. அதே மாதம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நிறைவேறியது. கடலூர் மாவட்டத்தில் கீரப்பாளையம், காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்கள் இதில் அடங்கும். எண்ணெய், எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன் ஆகியவற்றுக்கான புதிய துரப்பணத்தையும், உருக்காலை, தோல் பதனிடும் தொழிற்சாலை போன்றவற்றையும் சட்டம் தடுக்கிறது. ஆனால் சட்டத்துக்கு முன்பே நடந்துவந்த திட்டங்களை அது தொடுவதில்லை. உழவர்கள் முதலில் படித்துப் பார்க்க வேண்டிய பிரிவு அதுதான்.

2023 மார்ச் இறுதியில் ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் அறிவித்த சுரங்க ஏலத்தில் சேத்தியாத்தோப்புக் கிழக்கு, வடசேரி, மைக்கேல்பட்டி ஆகிய பழுப்பு நிலக்கரித் தொகுதிகள் இருந்தன. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காக நிலம் கொடுத்த ஊர்களைப் பக்கத்திலிருந்து பார்த்த மாவட்டம் இது. எதிர்ப்பு உடனே எழுந்தது. ஏப்ரல் 4 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 8 அன்று மூன்று தொகுதிகளும் ஏலத்திலிருந்து நீக்கப்படுவதாக அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார். இந்த நீக்கம் நிர்வாக முடிவு. வேளாண் மண்டலத்தைக் கலைக்கச் சட்டமன்றம் கூட வேண்டும். ஏலப் பட்டியலை மாற்ற ஓர் அறிவிப்பே போதும்.