சிறிய மாதிரி இரயில்களில் டிகோடர்

பழைய முறையில் தண்டவாளத்தின் மின்னழுத்தத்தைக் கூட்டினால், அதன்மேல் நிற்கும் மாதிரி இரயில் எஞ்சின்கள் எல்லாம் சேர்ந்தே ஓடும். டிகோடர் என்னும் சிறு மின்னணுப் பலகையை எஞ்சினுக்குள் பொருத்தினால், தண்டவாளம் வழியே வரும் கட்டளைப்படி ஒவ்வொன்றையும் தனியாக இயக்கலாம். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாதிரி இரயில்வே சங்கம் 1994இல் இதற்குப் பொதுத் தரம் வகுத்தது.

தரம் வந்தபோதும் 1:160 அளவு எஞ்சின் வைத்திருந்தோர் பாடு திண்டாட்டம்தான். 9 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடும் இவற்றில் பலவற்றுக்கு உள்ளே கம்பியே கிடையாது. இரு பாதியான உலோக அடிச்சட்டமே சக்கரத்திலிருந்து மோட்டாருக்கு மின்சாரத்தைக் கடத்தியது. மோட்டாரைச் சட்டத்திலிருந்து முற்றிலும் பிரித்து, இடையில் டிகோடரை இணைக்கவேண்டும். ஓரிடத்தில் உலோகம் தொட்டாலும் டிகோடர் கருகக்கூடும். இடத்துக்காகச் சட்டத்தை அறுத்தாலோ எடை குறைந்து, சக்கரம் வழுக்கும். இழுவைத் திறனும் குறையும். பிற்காலத்தில் பல எஞ்சின்கள் ஆறு முனைச் செருகியுடனேயே வந்தன. அவற்றுக்கு அறுக்கும் வேலை தேவைப்படவில்லை.