புதிய ஸ்கைரிமும் பழைய பாமினியும்

ஸ்கைரிம் விளையாட்டு வெளிவந்தது 2011 நவம்பர் 11 அன்று. உங்களில் சிலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள். இருந்தும் இன்னும் அதை விளையாடுகிறீர்கள் என்றால், அதற்கு ஒரு பெரிய காரணம் மொட்கள். செய்த நிறுவனம் அல்ல, விளையாடுகிறவர்களே செய்து சேர்க்கும் மாற்றங்களைத்தான் மொட் என்கிறோம். புதிய உடுப்பு, புதிய ஊர், முழுதாக ஒரு புதிய கதைகூட இருக்கலாம். பெரும்பாலானவை காசு வாங்காமல் கொடுக்கப்பட்டவை.

2016 ஒக்டோபர் 28 அன்று அதே விளையாட்டு மெருகேறி, ஸ்பெஷல் எடிஷன் என்று மறுபடி வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஐந்து வருடமாகச் சேர்ந்திருந்த மொட்களில் பல அதில் ஓடவில்லை. ஏன்?

பழைய ஸ்கைரிம் 32 பிட் நிரல். 32 பிட்டில் 4,294,967,296 முகவரிகளைத்தான் எண்ணலாம். அதாவது 4 ஜிபி நினைவகம். உங்கள் கொம்பியூட்டரில் 16 ஜிபி இருந்தாலும் அந்த நிரலுக்கு மீதி தெரியாது. மொட்களை அடுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் விளையாட்டு நின்றுவிடும். புதிய பதிப்பு 64 பிட் என்பதால் அந்த எல்லை போனது. கூடவே உள்ளே இருந்த ஒழுங்கும் மாறியது.

எல்லா மொட்களுக்கும் ஒரே அளவு பாதிப்பு இல்லை. படங்களை மட்டும் மாற்றியவை பெரும்பாலும் தப்பின. உருவங்களை மாற்றியவற்றின் கோப்புகளைப் புதிய வடிவத்துக்குக் கொண்டுவர ரசிகர்களே கருவிகள் செய்தார்கள். மிகவும் அடிபட்டவை எஸ்கேஎஸ்இ என்ற நீட்டிப்பை நம்பிய மொட்கள். அது விளையாட்டின் நினைவகத்தில் குறிப்பிட்ட இடங்களைப் பிடித்து வேலை செய்வது. சுவர்கள் இடம் மாறிய வீட்டில் பழைய வரைபடத்தை வைத்து எப்படி நடப்பது? அதனால் நீட்டிப்பையும், அதை நம்பிய நிரல்களையும் 64 பிட்டுக்குத் திரும்பச் செய்யவேண்டி வந்தது. 2021 நவம்பரில் வந்த புதுப்பிப்போடு இதே தலைவலி இன்னொரு முறை வந்தது.

அப்படித் திரும்பச் செய்ய மூலநிரல் வேண்டும். அது மொட்டை எழுதியவரிடம் இருக்கும். சிலர் திரும்பி வந்து செய்து கொடுத்தார்கள். சிலர் வேலை, குடும்பம் என்று எப்போதோ போய்விட்டார்கள். அவர்களின் அனுமதி இல்லாமல் மற்றவர்கள் மாற்றி வெளியிடுவது சரியல்ல என்பது மொட் உலகத்தின் விதி. அதனால் நல்ல மொட்கள் சில பழைய பதிப்போடேயே நின்றுவிட்டன.

இதே கதை எங்கள் மொழிக்கும் நடந்திருக்கிறது. அந்தக் காலத்துக் கொம்பியூட்டர்களில் தமிழுக்கு இடமே கிடையாது. எங்கள் ஆட்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து எழுத்துருக்கள் செய்தார்கள். ஈழத்தமிழர்களிடையே அப்படிப் பரவியதுதான் பாமினி. அதில் 'அம்மா' என்று எழுத எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்டவேண்டும். கண்ணுக்குத் தமிழ், கொம்பியூட்டருக்கு அர்த்தமில்லாத ஆங்கிலம். பாமினியும் ஒருவகை மொட்தான்.

யுனிகோட் 1991இலேயே தமிழுக்குச் சொந்த இடம் கொடுத்தது. ஆனால் வீட்டுக் கொம்பியூட்டர்களில் அது பரவலானது 2000க்குப் பிறகுதான். அதற்கிடையில் எத்தனையோ கடிதங்களும் மலர்களும் பாமினியில் எழுதப்பட்டுவிட்டன.

கர்க்லாண்டில் எங்கள் வீட்டு பேஸ்மண்டில் அப்படி ஒரு சிடி இருந்தது. அம்மம்மா சொல்லச் சொல்ல அப்பா தட்டிய ஊர்க்கதைகள் அதில் இருந்தன. என் லாப்டொப்பில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பை. பாமினியின் எழுத்து அட்டவணை எல்லோருக்கும் தெரிந்தது என்பதால், மாற்றிக் கருவியொன்று சில நொடிகளில் தமிழாக்கிவிட்டது. ஆனால் இடையிடையே இருந்த உண்மையான ஆங்கிலச் சொற்களையும் அது தமிழ்க் குப்பையாக்கிவிட்டது. அப்பாவும் நானும் இரண்டு இரவு இருந்து வரிவரியாகத் திருத்தினோம். அம்மம்மா இப்போது இல்லை. அவர் சொன்னது இருக்கிறது.

பெரிய அளவில் இதைச் செய்து காட்டியது மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரமும் தன்னார்வலர்களும் 1998 பொங்கலன்று தொடங்கியது. பழந்தமிழ் நூல்களைத் தட்டி இலவசமாகக் கொடுத்தார்கள். பழைய எழுத்துருக்களில் தொடங்கி, டிஸ்கி குறியீட்டுக்கு மாறி, பிறகு யுனிகோடுக்கு வந்தார்கள். கோப்புகள் கைவசம் இருந்தன, ஆட்களும் இருந்தார்கள், யாரும் பகிரலாம் என்ற அனுமதியும் இருந்தது. அதனால்தான் அந்த நூல்களை இன்று உங்கள் போனில் வாசிக்க முடிகிறது.

அடுத்த பதிப்பு எப்படியும் வரும். 2006இல் வந்த ஒப்லிவியன்கூட 2025 ஏப்ரலில் புது உருவத்தில் வந்தது, மொட்களுக்கு அதிகாரபூர்வ ஆதரவு இல்லாமலே. நீங்கள் மொட் செய்கிறவர் என்றால் மூலக் கோப்புகளைப் பத்திரமாக வையுங்கள். "நான் இல்லாவிட்டால் வேறு யாரும் தொடரலாம்" என்று ஒரு வரி எழுதி அதோடு சேர்த்து விடுங்கள். மொட் செய்யாதவர்கள், வீட்டில் பழைய சிடி இருக்கிறதா என்று இந்த வாரம் கேட்டுப் பாருங்கள். அதைத் தட்டியவரும் பக்கத்தில் இருக்கும்போதே திறந்துவிடுங்கள்.