மேலெழச் சொன்ன குரல்: கரிப்பூர் விபத்தும் விமானி அறையின் அதிகார அடுக்கும்

2020 ஆகஸ்ட் 7 அன்று, மாலை இருட்டிய பிறகு, துபாயிலிருந்து 190 பேருடன் கேரளத்தின் கரிப்பூர் விமான நிலையத்துக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737 விமானம் ஓடுபாதை முடிந்தும் நிற்காமல் ஓடி, மேட்டின் விளிம்பிலிருந்து பள்ளத்தில் விழுந்து மூன்றாக உடைந்தது. விமானிகள் இருவரும் உட்பட 21 பேர் இறந்தனர். மழையும் மேட்டுநில ஓடுபாதையுமே காரணம் என்ற பேச்சு அன்றே தொடங்கிவிட்டது. விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு 2021 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை வேறிடத்தைச் சுட்டியது. நிலைப்படாத இறக்கத்தை, அதாவது வேகமும் இறங்கும் வீதமும் வரம்புக்குள் அடங்காத இறக்கத்தை, தலைமை விமானி தொடர்ந்தார். துணை விமானி ‘கோ அரவுண்ட்’ (இறக்கத்தைக் கைவிட்டு மேலெழு) என்று சொல்லியும் அவர் மேலெழவில்லை. துணை விமானி கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுக்கவும் இல்லை. முதல் இரண்டையும் இக்கட்டுரை அப்படியே ஏற்கிறது. மூன்றாவது, பிழையை அது பிறந்த இடத்தில் தேடாமல் வெளிப்பட்ட இடத்தில் மட்டும் காண்கிறது என்பதே என் வாதம். மேலெழுவது ஒருவர் துணிந்து கேட்டுப் பெற வேண்டிய விதிவிலக்காக இருக்கும்வரை, பார்வைத்தெளிவு குன்றிய இரவுகளில் இத்தகைய விபத்துக்கு இடமிருந்துகொண்டே இருக்கும்.

அன்றைய முதல் முயற்சி 28ஆம் ஓடுபாதையில் நடந்தது. தலைமை விமானியின் பக்கக் கண்ணாடி வைப்பர் சிறிது நேரத்தில் நின்றுபோனது. அவர் முறைப்படி மேலெழுந்தார். அந்த முடிவைக் குறை சொல்ல எதுவுமில்லை. அதன்பின் எதிர்த்திசையில் 10ஆம் ஓடுபாதையைக் கட்டுப்பாட்டுக் கோபுரம் முன்வைத்தது; விமானிகள் ஏற்றனர். இப்போது காற்று பின்னாலிருந்து தள்ளியது. தரை தொடும்போது பின்காற்றின் வேகம் சுமார் 14 நாட். 8,858 அடி நீள ஓடுபாதையில் சக்கரங்கள் தரை தொட்டது 4,438ஆவது அடியில். பாதி ஓடுபாதை விமானத்துக்கு அடியிலேயே கழிந்துவிட்டது.

இவ்வளவு பாதை கழிவது கண்ணுக்குத் தெரியாமல் போகுமா? போகும். மழைநீர் வழியும் கண்ணாடி விளக்குகளை ஊதிப் பெருக்கிக் காட்டும். உயரமும் தொலைவும் மயங்கும். இரவில் ஓடுபாதையின் மிச்சத்தைச் சொல்ல ஒரு நல்ல வழி உண்டு: நடுக்கோட்டு விளக்குகள். கடைசி 900 மீட்டரில் அவை சிவப்பும் வெள்ளையுமாக மாறி மாறி எரியும். கடைசி 300 மீட்டரில் சிவப்பு மட்டும். கரிப்பூரில் அப்போது அவை இல்லை.

ஆனால் வேறொரு விமான நிலையத்துக்குத் திருப்பாமல் இங்கேயே இறங்கிவிடும் உந்துதல் எங்கிருந்து வந்தது? அறிக்கையிலேயே விடை இருக்கிறது. நிறுவனத்தின் கரிப்பூர் தளத்தில் 26 துணை விமானிகளுக்கு ஒரே ஒரு தலைமை விமானிதான் நியமிக்கப்பட்டிருந்தார். மறுநாள் காலை விமானத்தையும் அவரே ஓட்ட வேண்டும். வேறிடம் சென்றிருந்தால் ஓய்வு நேரக் கணக்கு இடித்திருக்கும், காலை விமானம் நின்றிருக்கும். முன்பே ஓர் அலுவலகத்தில் எடுத்த நியமன முடிவு, மழையிரவில் ஒரு மனிதரின் மனத்தில் பாரமாக ஏறியிருக்கிறது.

துணை விமானிக்குக் கிடைத்த அவகாசம் சில வினாடிகள். முதலில் தயங்கிய எச்சரிக்கை, பிறகு ‘கோ அரவுண்ட்’. விதிப்படி அடுத்து அவர் கட்டுப்பாட்டை எடுத்திருக்க வேண்டும். பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்த மூத்தவர் கையிலிருந்து, தரைக்குச் சில அடி உயரத்தில், பேச்சை மீறிச் செயலால் பறிக்க வேண்டும். விமானி அறையில் அதிகாரச் சரிவு செங்குத்தாக இருந்தது என்று அறிக்கையே சொல்கிறது. அப்படிச் சொல்லிவிட்டு அச்சரிவின் அடியில் நின்றவரிடமே கடைசிப் பொறுப்பை வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மழைதான் காரணம் என்போருக்கு மங்களூர் விபத்து பதில் சொல்கிறது. 2010 மே 22 காலை, அதே நிறுவனம், அதேபோன்ற மேட்டுநில ஓடுபாதை, பார்வைத்தெளிவுக்குக் குறைவில்லை. பயணத்தின் பெரும்பகுதி உறங்கி எழுந்த தலைமை விமானி இறக்கத்தைத் தொடர்ந்தார். துணை விமானி மேலெழச் சொல்லியும் பயனில்லை. ஓடுபாதையில் ஏறத்தாழ 5,200 அடி கழிந்தபின் தரை தொட்ட விமானத்தில் 158 பேர் இறந்தனர். இரு விபத்துகளுக்கும் பொதுவானது மழையன்று, செவிசாய்க்கப்படாத அக்குரல். 1997 ஆகஸ்ட் 6 அன்று குவாமில் கொரியன் ஏர் 801 மழையிரவில் குன்றில் மோதியபோதும், இறக்கத்தைக் கைவிடச் சொன்ன துணை விமானியின் சொல் மோதலுக்குச் சில வினாடிகள் முன்புதான் வந்தது.

இவற்றைத் தனிமனிதப் பிழைகளாக ஒதுக்க முடியாது. விமானப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வின்படி, நிலைப்படாத இறக்கங்களில் ஏறத்தாழ 97 விழுக்காடு மேலெழாமல் தரையிறக்கத்திலேயே முடிகின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை நலமாக முடிவதால், விதியை மீறுவதே பழக்கமாக உறுதிப்படுகிறது. இந்தப் பழக்கத்துக்கு எதிராகக் குரல் எழுப்பக் கற்றுக்கொடுப்பது நல்லதே, போதாது.

பிரிட்டனின் மூடுபனியில் பல்லாண்டு கையாண்டு தேறிய முறை ஒன்று உண்டு. இறக்கத்தைத் துணை விமானி கருவிகளைப் பார்த்தே ஓட்டுவார். தலைமை விமானி வெளியே பார்ப்பார். ஓடுபாதை தெளிவாகத் தெரிந்தால் மட்டும் தாம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லித் தரையிறக்குவார். அவர் வாய் திறக்காவிட்டால் துணை விமானி தாமே மேலெழுவார். இங்கே யாரும் யாரையும் மறுக்க வேண்டியதில்லை. மௌனமே விமானத்தை மேலே தூக்குகிறது. தரை தொடும் கடைசி நொடிகளை இம்முறை முழுதும் காக்காது. அதற்கு, எவர் சொன்னாலும் ‘கோ அரவுண்ட்’ கட்டளையே என்ற விதி துணை வேண்டும்.

மேலெழுவதும் ஆபத்தானதே என்பார்கள். உண்மை. ரஷ்யாவில், 2013 நவம்பரில் கசானில் 50 பேரும், 2016 மார்ச்சில் ரஸ்தோவில் 62 பேரும் மேலெழும் முயற்சியிலேயே மாண்டனர். ஆயினும் இந்த ஆபத்தின் பெரும்பகுதி, இறங்கும் எண்ணத்தில் ஊன்றிய மனம் திடீரெனத் திரும்பி, தன் நிலை உணர்வை இழப்பதில் இருக்கிறது. தொடக்கம் முதலே ஒருவர் கண் கருவிகளில் பதிந்திருந்தால், அவர் மனம் மேலெழவே ஆயத்தமாயிருந்தால், அத்திருப்பம் அவ்வளவு கொடியதாக இராது. ஆகவே இந்த எதிர்வாதம் என் பரிந்துரையை வலுப்படுத்தவே செய்கிறது.

இதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு தளத்திலும் போதிய தலைமை விமானிகள் வேண்டும். சிமுலேட்டரில் இரு எஞ்சினும் இயங்கும் மேலெழுதலுக்கு உரிய நேரம் வேண்டும். நிலைப்படாத இறக்கங்களில் எத்தனை கைவிடப்பட்டன என்பது பறப்புப் பதிவுகளில் இருக்கிறது. அந்த எண்ணை ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் ஆணையிடலாம்.