கவிழ்த்து வைத்த தட்டுகள்: இன்டர்ஸ்டெல்லார் படமும் ஒரு நிஜ தூசிப்புயலும்



போன வாரம் நைட் ட்யூட்டி முடிந்து வந்த பகலில் தூக்கம் பிடிக்கவில்லை. இன்டர்ஸ்டெல்லார் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். இது எனக்கு நாலாவது தடவை. 2014 நவம்பரில் அந்தப் படம் வந்தபோது நான் ஹவுஸ் சர்ஜன். இப்போது அரசு மருத்துவமனையில் பொது வார்டு பார்க்கிறேன்.

படம் பிடிக்குமா என்று கேட்டால் ஆமாம். படத்தின் மேல் கோபம் இருக்கிறதா என்று கேட்டால், அதற்கும் ஆமாம்தான். இரண்டையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோபத்துக்குப் பின்னால் தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய ஒரு வரலாறு இருக்கிறது. இந்தப் பதிவே அதற்காகத்தான்.

படம் வந்து பத்து வருடம் தாண்டிவிட்டது. கதையை முழுசாகச் சொல்லிவிடுவேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாங்க, பதிவு எங்கேயும் ஓடிவிடாது.

முதலில் பிடித்தது.

அந்தக் கருந்துளை. இயற்பியலாளர் கிப் தார்ன் கொடுத்த சமன்பாடுகளை வைத்துத்தான் அதை கணினியில் உருவாக்கினார்கள். படம் வந்து மூன்று வருடத்தில், ஈர்ப்பு அலைகளைக் கண்டறிந்த பணிக்காக 2017-ல் தார்னுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2019 ஏப்ரலில் நிஜக் கருந்துளையின் முதல் படம் வெளியானபோது, இருட்டைச் சுற்றிய அந்த ஒளி வளையத்தைப் பார்த்து "அட, நம்ம படத்துல பார்த்தது" என்று உலகமே சொன்னது.

அடுத்து, ஒரு மணி நேரம் ஏழு வருடத்துக்குச் சமமான அந்தக் கிரகம். கூப்பர் அங்கே இறங்கித் திரும்புவதற்குள் 23 வருடம் போய்விடும். சேர்ந்து கிடக்கும் வீடியோக்களில் பிள்ளைகள் வளர்ந்து நிற்பதைப் பார்த்து அழுவான். 24 மணி நேர ட்யூட்டி முடிந்து வீட்டுக்குப் போய், தூங்குகிற குழந்தையைப் பார்த்து நிற்கிற எவருக்கும் அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, பலர் கவனிக்காமல் விடுகிற பள்ளிக்கூடக் காட்சி. நிலவுப் பயணமே பொய் என்று ஆசிரியை பாடம் நடத்துகிறார். உலகத்துக்கு இனி இன்ஜினியர் வேண்டாம், விவசாயி போதும் என்கிறார்கள். கூப்பர் நிதானமாக ஒரு விஷயம் சொல்வான். முன்பெல்லாம் எம்.ஆர்.ஐ. என்று ஒரு மெஷின் இருந்தது. அது இப்போதும் இருந்திருந்தால் என் மனைவியின் மூளையில் இருந்த கட்டியை முன்கூட்டியே கண்டுபிடித்திருப்பார்கள், அவள் பிழைத்திருப்பாள் என்று.

டாக்டராக எனக்குப் படத்தில் மிகப் பயமான காட்சி அதுதான். ராட்சத அலையும் கருந்துளையும் அதற்குப் பிறகுதான். எம்.ஆர்.ஐ.-க்கு அடிப்படையான அணுக்கரு காந்த ஒத்திசைவை 1938-ல் அளந்து காட்டியவர் இசிடோர் ராபி, நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்து இயற்பியலாளர். அன்றைக்கு அவரிடம் போய் "இதனால் யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்டிருந்தால் மூளைக்கட்டி என்ற பதில் வந்திருக்காது. நாற்பது வருடம் கழித்துத்தான் மனித உடம்பை ஸ்கேன் செய்ய முடிந்தது. "இப்போ இது எதுக்கு" என்று ஒரு தலைமுறை நிறுத்திவிட்டால், அடுத்த தலைமுறை வார்டில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்.

பிடிக்காதது? அன்பு பரிமாணங்களைத் தாண்டும் என்ற வசனம். கருந்துளைக்குள் விழுந்தவன் மகளின் புத்தக அலமாரிக்குப் பின்னால் போய் நிற்பது. இதெல்லாம் சினிமா சலுகை, மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது வேறு இடத்தில் இருக்கிறது.

படத்தின் ஆரம்பத்தை நினைத்துப் பாருங்கள். வயதானவர்கள் கேமராவைப் பார்த்துப் பேசுவார்கள். எங்கு பார்த்தாலும் தூசி, சாப்பாட்டு மேஜையில் தட்டைக் கவிழ்த்துத்தான் வைப்போம் என்பார்கள். முதலில் பேசுகிற பாட்டி எலன் பர்ஸ்டின் என்ற நடிகை. மற்றவர்கள் நடிகர்கள் இல்லை! கென் பர்ன்ஸ் 2012-ல் எடுத்த 'தி டஸ்ட் பவுல்' ஆவணப்படத்தில் பேசிய நிஜ மனிதர்கள். அந்தப் பேட்டிகளை நோலன் அனுமதி வாங்கித் தன் படத்தில் சேர்த்தார்.

அதாவது அவர்கள் சொல்வது கற்பனை எதிர்காலம் கிடையாது. 1930-களின் அமெரிக்கா. அவர்களின் சொந்தச் சின்ன வயசு.

என்ன நடந்தது?

ஓக்லஹோமா, டெக்சாஸ், கான்சஸ், கொலராடோ, நியூ மெக்சிகோ மாநிலங்கள் ஒன்றையொன்று தொடும் சமவெளி அது. மழை குறைவு, காற்று அதிகம். ஆயிரமாயிரம் வருடமாக அங்கே வளர்ந்த புல்லின் வேர்ப்பின்னல்தான் மண்ணைப் பிடித்து வைத்திருந்தது.

முதல் உலகப் போர் வந்தது, கோதுமை விலை ஏறியது. டிராக்டரும் வந்தது. புல்வெளியைக் கிழித்துக் கோதுமை போட்டார்கள். 1929-க்குப் பிறகு பொருளாதாரம் சரிந்தது. 1931-ல் அமோக விளைச்சல், விலை பாதாளத்தில். தக்காளியை ரோட்டில் கொட்டிப் பார்த்த நம் விவசாயிக்கு இந்தக் கணக்கு புரியும். விலை விழுந்ததை ஈடுகட்ட இன்னும் அதிக நிலத்தை உழுதார்கள். கட்டுப்படியாகாதவர்கள் உழுத நிலத்தை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள்.

அப்புறம் மழை நின்றது.

பிடித்து வைக்க வேர் இல்லாத மண் கிளம்பியது. 1934 மே மாதப் புயலில் அந்த மண் சிகாகோ, நியூயார்க், வாஷிங்டன் நகரங்களைத் தாண்டி, அட்லாண்டிக் கடலில் போன கப்பல்கள் மேலும் விழுந்தது.

1935 ஏப்ரல் 14, ஞாயிறு. காலையில் வானம் தெளிவாக இருந்ததால் ஜனங்கள் வெளியே வந்திருந்தார்கள். மதியத்துக்கு மேல் கறுப்புச் சுவர் மாதிரி ஒன்று வந்தது. நீட்டிய கை தெரியாத இருட்டு. உலகம் முடிந்தது என்று பிரார்த்தனை செய்தவர்கள் உண்டு. 'கறுப்பு ஞாயிறு' என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அதைப் பற்றிச் செய்தி எழுதிய ராபர்ட் கைகர் என்ற நிருபர் பயன்படுத்தியதுதான் 'டஸ்ட் பவுல்' என்ற பெயர்.

ஜன்னலில் ஈரத்துணி கட்டினார்கள். தட்டைக் கவிழ்த்தார்கள். காற்றில் தூசி உரசி உரசி மின்னூட்டம் ஏறியதால் கைகுலுக்கவே பயந்தார்கள்.

இப்போது என் துறைக்கு வருகிறேன்.

'தூசி நிமோனியா' என்று ஒரு நோய்ப் பெயர் அந்த ஊர்களில் புழங்கியது. 1940-ல் உட்டி கத்ரி அதைப் பற்றிப் பாட்டே பாடி வெளியிட்டார். பெரிய துகள்களை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். மிக நுண்ணிய துகள் காற்று நுண்ணறை வரை போய்விடும். மூச்சுக்குழாயில் அழுக்கை மேலே தள்ளுகிற நுண்மயிர்கள் ஓய்ந்துபோகும். அங்கே காவல் இருக்கும் செல்கள் மண்ணிலுள்ள சிலிக்காவை விழுங்கிச் செத்துப்போகும். காவல் போன வீட்டில் கிருமி நுழையும்.

இது 1935 என்பதை மறக்காதீர்கள். சல்ஃபா மருந்து ஜெர்மனியில் அப்போதுதான் வெளியே தெரிந்தது. பென்சிலின் நோயாளி கைக்கு வர 1940-கள் ஆனது. நிமோனியா வந்த குழந்தைக்கு டாக்டரிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. செஞ்சிலுவைச் சங்கம் அவசர மருத்துவமனைகள் திறந்தது, முகக்கவசம் கொடுத்தது. குழந்தைகளும் முதியவர்களும் இறந்தார்கள்.

படத்திலும் இது இருக்கிறது. கூப்பரின் மகன் டாம் ஒரு பிள்ளையை ஏற்கெனவே இழந்தவன். மனைவியும் இரண்டாவது பிள்ளையும் இருமுகிறார்கள். வீட்டுக்கு வருகிற டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, இங்கே இருக்கக் கூடாது, உடனே கிளம்புங்கள் என்கிறார். டாம் மறுக்கிறான். படம் அவனை முட்டாள் பிடிவாதக்காரனாகக் காட்டுகிறது.

என் கோபம் இங்கேதான்.

அந்த டாக்டர் சொன்னதை நானும் சொல்லியிருக்கிறேன். கல் உடைக்கிற வேலை பார்த்த ஒருவர், வயது நாற்பதைத் தாண்டவில்லை. எக்ஸ்ரேயில் இரண்டு பக்க நுரையீரலும் சிலிக்கா தூசியில் தழும்பேறி இருந்தது. "இந்த வேலையை இன்னைக்கே விட்டுடுங்கண்ணே" என்றேன். அவர் கோபப்படவில்லை. "விட்டுட்டு எங்க சார் போறது?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் மருந்துச்சீட்டு இருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

"கிளம்பு" என்பது சரியான மருத்துவ ஆலோசனைதான். ஆனால் போக்கிடம் உள்ளவனுக்குத்தான் அது ஆலோசனை.

1930-களில் கிளம்பியவர்களுக்கு என்ன ஆனது? லட்சக்கணக்கான பேர் சமவெளியை விட்டுப் போனார்கள். கலிபோர்னியா போனவர்களை 'ஓக்கி' என்று கேவலமாகக் கூப்பிட்டார்கள். 1936 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ், மாநில எல்லைக்கே ஆளனுப்பி ஏழைகளைத் திருப்பி விரட்டியது. சொந்த நாட்டுக்காரர்களை! தூசிப்பகுதியில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் போகவே இல்லை. படத்து டாம் போல அங்கேயே இருந்தார்கள்.

இருந்தவர்களை எது காப்பாற்றியது? மண் பற்றிய அறிவு.

ஹியூ ஹேமண்ட் பென்னட் என்ற மண் விஞ்ஞானி, மண் அரிப்பு நாட்டுக்கே ஆபத்து என்று பல வருடமாகக் கத்திக்கொண்டிருந்தார். 1935-ல் செனட் குழு முன் சாட்சி சொல்லப் போனவர், மேற்கிலிருந்து தூசிப்புயல் வருகிறது என்று தெரிந்து பேச்சை இழுத்துக்கொண்டே போனாராம். ஜன்னலுக்கு வெளியே வானம் இருண்டதும், நான் சொன்ன மண் இதோ வந்துவிட்டது என்று காட்டினாராம். 1935 ஏப்ரல் 27-ல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கறுப்பு ஞாயிறு கழிந்து பதிமூன்றே நாள்.

சரிவுக்குக் குறுக்கே உழச் சொன்னார்கள். அறுவடைத் தாளை நிலத்திலேயே விடச் சொன்னார்கள். முக்கியமாக, அப்படிச் செய்த விவசாயிக்கு அரசு பணம் கொடுத்தது. அவன் பட்டினி கிடக்காமல் பழக்கத்தை மாற்ற முடிந்தது அதனால்தான். வடக்கே டகோட்டாவிலிருந்து தெற்கே டெக்சாஸ் வரை, 1942-க்குள் சுமார் 22 கோடி மரங்களைக் காற்றுத்தடுப்பாக நட்டார்கள். 1939 வாக்கில் மழையும் திரும்பியது. மழை வராமல் இதெல்லாம் முழுசாக நின்றிருக்காது என்பதும் உண்மைதான்.

சுபம் போட்டுவிட முடியாது. பிற்பாடு அங்கே ஓகல்லாலா என்ற பெரும் நிலத்தடி நீர்த்தேக்கத்தை மோட்டார் வைத்து உறிஞ்ச ஆரம்பித்தார்கள். பல இடங்களில் நீர்மட்டம் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. மண்ணில் கற்ற பாடத்தைத் தண்ணீரில் மறந்தார்கள்.

இப்போது படத்தின் கடைசிப் பகுதியை நினைத்துப் பாருங்கள். சனிக்கிரகத்துக்குப் பக்கத்தில் விண்வெளிக் குடியிருப்பு. அதில் கூப்பரின் பழைய வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருப்பார்கள். அங்கே டி.வி.யில் ஓடுவது அந்த வயதானவர்களின் பேட்டிதான். பூமியை விட்டு வந்த பிறகு ஞாபகமாக வைத்திருக்கிற குரல்கள் என்று படம் சொல்கிறது.

அந்தக் குரல்கள் பேசுவது, பூமியிலேயே சரிசெய்த ஒரு பேரழிவைப் பற்றி! அவர்களின் துயரத்தை எடுத்துக்கொண்ட படம், அதற்குப் பிறகு நடந்த வேலையை விட்டுவிட்டது. கருந்துளைக்கு இவ்வளவு ஹோம்வொர்க் செய்தவர்கள் மண்ணுக்கும் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கலாம்.

படத்தில் பயிரை அழிப்பது மருந்தே இல்லாத ஒரு நோய், யார் தப்பும் இல்லை என்பீர்கள். சரிதான். வெண்டைக்காய்க்கு இதுதான் கடைசி அறுவடை என்று கூட ஒரு வசனம் வரும். ஆனால் நிஜத்தில் நடந்தது மனிதன் செய்த தப்பு. அதனால்தான் மனிதனால் திருத்தவும் முடிந்தது.

அஞ்சாவது தடவையும் பார்ப்பேன். அந்த எம்.ஆர்.ஐ. காட்சிக்காகவே பார்ப்பேன். நீங்களும் பாருங்கள். அந்த முதியவர்கள் வரும்போது மட்டும் போனைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

கடைசியாக டாக்டராக ஒரு வார்த்தை. கல், சிமென்ட், மணல் தூசியில் வேலை பார்ப்பவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் அரசு மருத்துவமனைக்குக் கூட்டி வாங்க. சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் எளிதாக வரும். சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் இலவசம். கல்லை நனைத்து வெட்டினால் தூசி பறப்பது பெருமளவு குறையும். இதை வேலை கொடுப்பவரிடம் கேட்டு வாங்குங்கள், சண்டை போட்டாவது.

நாளைக்கு மறுபடி நைட் ட்யூட்டி.