அடைக்கலம் கேட்பது எப்படி? பீடோங் தீவு சொல்லும் வரலாறு



'அகதி' என்னும் சொல் கதியற்றவரைக் குறிக்கும். அதற்கு ஈடாக நாம் வழங்கும் 'ஏதிலி' என்னும் சொல் ஏதும் இல்லாதவரைக் குறிக்கும். இரு சொற்களும் இழப்பையே பேசுகின்றன. ஆனால், அந்நிய நாட்டில் அடைக்கலம் கேட்டு நிற்பவரிடம் சட்டம் கேட்கும் கேள்வி வேறு. 'உம்மிடம் என்ன இல்லை?' என்று அது கேட்பதில்லை. 'நீர் எதற்கு அஞ்சுகிறீர்? ஏன் அஞ்சுகிறீர்?' என்றே கேட்கிறது. இந்த வேறுபாட்டை அறியாமல் விண்ணப்பித்தவர்கள் உலகில் பலர். இக்கேள்வி எவ்வாறு உருவானது என்பதையும், நம் மலேசியக் கடற்கரையிலேயே அது எத்தனை பேரின் வாழ்வை முடிவு செய்தது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

நான்சன் கடவுச்சீட்டு

ரஷ்யப் புரட்சிக்கும் அதனைத் தொடர்ந்த உள்நாட்டுப் போருக்கும் பின்னர், பல இலட்சம் ரஷ்யர்கள் ஐரோப்பிய நாடுகளில் சிதறிக் கிடந்தனர். வெளிநாடுகளில் வாழ்ந்த அவர்களுள் பெரும்பாலோரின் குடியுரிமையைச் சோவியத் அரசு 1921ஆம் ஆண்டில் நீக்கியது. நாடில்லை, கடவுச்சீட்டில்லை, ஆகவே எல்லை கடக்கவும் வழியில்லை. நார்வே நாட்டைச் சேர்ந்த துருவ ஆய்வாளர் ஃபிரிட்ஜோஃப் நான்சன், அனைத்துலகச் சங்கத்தின் உயர் ஆணையராக இருந்து, 1922ஆம் ஆண்டில் அவர்களுக்கென ஓர் அடையாளச் சான்றை உருவாக்கினார். மக்கள் அதனை 'நான்சன் கடவுச்சீட்டு' என்றே அழைத்தனர். 1924ஆம் ஆண்டில் ஆர்மீனியர்களுக்கும் இச்சான்று வழங்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று தனி மனிதரின் அச்சம் அளந்து பார்க்கப்படவில்லை. தம் நாட்டு அரசின் பாதுகாப்பை இழந்த ரஷ்யரா, ஆர்மீனியரா என்பதே கேள்வி. கூட்டத்தைச் சேர்ந்தவர் என்றால் காப்பு உண்டு. கூட்டத்தில் இல்லாதவருக்கு இல்லை.

1951ஆம் ஆண்டின் உடன்படிக்கை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்நிலை மாறியது. 1951ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் ஜெனீவாவில் ஏற்கப்பட்ட ஏதிலியர் உடன்படிக்கை, ஏதிலி யார் என்பதற்குப் பொதுவான வரையறையைத் தந்தது. இனம், சமயம், நாட்டினம், குறிப்பிட்டதொரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தனுள் ஒன்றன் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்னும் தக்க ஆதாரமுள்ள அச்சத்தால் தம் நாட்டுக்கு வெளியே இருப்பவரும், அந்நாட்டின் பாதுகாப்பைப் பெற இயலாதவருமே ஏதிலி. உயிருக்கோ உரிமைக்கோ ஆபத்துள்ள இடத்திற்கு அவரைத் திருப்பி அனுப்பலாகாது என்பது அவ்வுடன்படிக்கையின் உயிர்நாடி.

1951க்கு முன் நிகழ்ந்தவற்றுக்கு மட்டுமே பொருந்தும் என்றிருந்த கால வரம்பை 1967ஆம் ஆண்டின் நெறிமுறை நீக்கியது. மலேசியா இவ்விரண்டிலும் இணையவில்லை. எனினும், ஏதிலியர் வரலாற்றின் மாபெரும் அத்தியாயம் ஒன்று நம் திரங்கானு கடலில் எழுதப்பட்டது.

பீடோங் தீவு

1975ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் சைகோன் நகர் வீழ்ந்தது. அதன்பின் வியட்நாமியர்கள் மீன்பிடிப் படகுகளில் தென்சீனக் கடலைக் கடந்து வரத் தொடங்கினர். 1978ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், திரங்கானுவின் மேராங் கடற்கரைக்கு எதிரே உள்ள பீடோங் தீவு ஏதிலியர் முகாமாகத் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 4,500 பேருக்கென எண்ணப்பட்ட அச்சிறு தீவில், 1979ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சுமார் 40,000 பேர் நெருக்கியடித்து வாழ்ந்தனர். உடைந்த படகுப் பலகைகளும் பிளாஸ்டிக் விரிப்புகளும் தகரத் துண்டுகளும் வீடுகளாயின. மலேசியச் செம்பிறைச் சங்கமும் ஐ.நா. ஏதிலியர் உயர் ஆணையமும் உணவுக்கும் மருத்துவத்திற்கும் துணை நின்றன. அதே காலத்தில், கரையேற விடாமல் கடலுக்கே இழுத்துச் செல்லப்பட்ட படகுகளும் பல. அதனையும் வரலாறு மறைக்கலாகாது.

1979ஆம் ஆண்டு ஜூலையில் ஜெனீவாவில் கூடிய 65 நாடுகளின் மாநாடு வழி திறந்தது. மேலை நாடுகள் கூடுதலானோரைக் குடியேற்ற ஒப்பின. தென்கிழக்காசிய நாடுகள் தற்காலிக இடம் தர ஒப்பின. பீடோங்கில் இறங்கியவர் முதலில் படகுவாரியாகப் பதியப்பட்டார். பின்னர் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் அதிகாரிகள் தீவுக்கே வந்து நேர்காணல் நடத்தினர். அங்கு உறவினர் உளரா, முன்பு எங்குப் பணியாற்றினீர் என்பன போன்ற கேள்விகள் எழும். தேர்வானவர் மருத்துவப் பரிசோதனைக்குப் பின் சுங்கை பீசி இடைத்தங்கல் முகாம் வழியாகப் புறப்பட்டார். அந்நாளில், படகில் வந்த வியட்நாமியர் என்பதே ஏதிலி என ஏற்கப்படப் போதுமானதாக இருந்தது. நான்சன் காலத்து முறை போன்றதே இது.

ஒரு தேதி வகுத்த கோடு

ஆண்டுகள் சென்றன, வருகை நிற்கவில்லை. 1989ஆம் ஆண்டு ஜூனில் ஜெனீவாவில் மீண்டும் கூடிய நாடுகள் ஒரு விரிவான செயல்திட்டத்தை ஏற்றன. மலேசியாவில் 1989 மார்ச் 14ஆம் நாள் எல்லைக்கோடாயிற்று. அதற்கு முன் வந்தவர் பழைய முறைப்படி மறுகுடியேற்றத்திற்கு உரியவர். அதற்குப் பின் வந்தவர் ஒவ்வொருவரும் தம் அச்சத்தை அதிகாரிமுன் தனித்தனியே எடுத்துரைக்க வேண்டும். வறுமையால் வந்தேன் என்றவர் ஏதிலியாக ஏற்கப்படவில்லை. மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம்; அதிலும் தோற்றவர் நாடு திரும்ப வேண்டும். ஒரே கடல், ஒரே வகைப் படகு. சில நாள் வேறுபாட்டில் கேள்வியே மாறிவிட்டது.

பீடோங் முகாம் 1991ஆம் ஆண்டு அக்டோபரில் மூடப்பட்டது. அதுவரை அத்தீவின் வழியாகச் சென்றவர் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர். செயல்திட்டம் 1996ஆம் ஆண்டில் நிறைவுற்றது.

இவ்வரலாறு தரும் பாடங்கள்

1. அடைக்கலம் கேட்பவர் தம் வறுமையையன்று, தம் அச்சத்தையும் அதன் காரணத்தையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். யார் அச்சுறுத்தினர், எப்போது, எங்கு, எதற்காக என்பன வரிசையாக அமைதல் நன்று.

2. காலந்தாழ்த்தலாகாது. எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் நுழைந்த ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது பொது விதி. விதிவிலக்குகள் சிலவே.

3. உண்மையை மட்டுமே சொல்ல வேண்டும். பிறர் கதையைத் தம் கதையாகச் சொல்பவர் முன்னுக்குப்பின் முரணாகிச் சிக்குவர். அதனால் உண்மையான அச்சமும் நம்பப்படாமற் போகும்.

4. பிறப்புச் சான்று, அடையாள அட்டை, பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றின் படிகளைக் காக்க வேண்டும். ஆயினும், உயிர் தப்பி ஓடுபவரிடம் தாள்கள் இல்லாமலிருக்கலாம். அதனாலேயே அவரது உரிமை அற்றுப்போவதில்லை.

5. புரியும் மொழியில் பேச, மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். தாய் தந்தையரின் துயரைப் பிள்ளையைக் கொண்டு மொழிபெயர்க்கச் செய்வது பிள்ளைக்குப் பெருங்கொடுமை.

6. ஐ.நா. ஆணையத்தின் பதிவுக்கும் நேர்காணலுக்கும் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் இடைத்தரகரை நம்பலாகாது.

பீடோங்கிற்குப் பின்னரும் நம் நாட்டிற்கு அடைக்கலம் தேடி வந்தவர் பலர். ரோகிங்கியரும் சின் இனத்தவரும் இலங்கைத் தமிழரும் அவர்களுள் அடங்குவர். பல்லாண்டுகளாகக் கோலாலம்பூரில் உள்ள ஐ.நா. ஆணைய அலுவலகமே அவர்களைப் பதிந்து, கேட்டு, முடிவு கூறி வந்துள்ளது. அவர்தம் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியின் வாயில் திறக்காததால், அவர்கள் சமூகக் கற்றல் மையங்களில் பயில்கின்றனர்.

ஆசிரியர்களே, நாட்டின் வரைபடத்தை வகுப்பில் விரிக்கும்போது திரங்கானுக் கரையோரம் இருக்கும் அச்சிறு புள்ளியையும் மாணவர்க்குக் காட்டுங்கள். பெற்றோர்களே, அண்டை வீட்டில் அத்தகைய குடும்பம் ஒன்று குடியேறினால், 'ஏதும் இல்லாதவர்' என்று இரங்குவதோடு நின்றுவிடாதீர்கள். அவர்கள் சொல்ல விரும்பும்போது காது கொடுத்துக் கேளுங்கள். அடைக்கலம் என்பது யாரோ ஒருவர் பொறுமையாகக் கேட்பதில்தான் தொடங்குகிறது.